எஸ்.எஸ்.பி.க்குக் கிளம்பும் முன் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

ராணுவத்துக்கு அதிகாரிகளை எடுக்கும் எஸ்.எஸ்.பி. (சர்வீசஸ் செலக்‌ஷன் போர்டு) தேர்வுக்கு நான் மூன்று முறை போனவன். முதல் முறை, போன அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை ஐந்து நாளும் இருந்துவிட்டு வெறுங்கையோடு ரயில் ஏறினேன். மூன்றாம் முறை தேர்வானேன், ஆனால் மெரிட் லிஸ்டில் பெயர் இல்லை. இப்போது கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நான் படித்த கல்லூரியின் என்.சி.சி. பிள்ளைகள் கால் லெட்டர் வந்ததும் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். ஆள் மாறுகிறதே தவிர கேள்வி மாறவில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் எழுதிவிட்டேன்.

"அண்ணா, எஸ்.எஸ்.பி.ன்னா இன்டர்வியூதானே? அதுக்கு எதுக்கு அஞ்சு நாள்?"

ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை இது. இன்டர்வியூ அதில் ஒரு பகுதிதான், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மீதி நாட்களில் எழுத வைப்பார்கள், பேச வைப்பார்கள், பலகையும் கயிறும் கொடுத்துத் தாண்டச் சொல்வார்கள்.

உங்களை மூன்று பேர் மதிப்பிடுகிறார்கள். உளவியலாளர் நீங்கள் எழுதியதைப் படிக்கிறார். இன்டர்வியூ ஆபீசர் நீங்கள் பேசுவதைக் கேட்கிறார். ஜி.டி.ஓ. எனப்படும் குழுப் பணி அதிகாரி மைதானத்தில் நீங்கள் செய்வதைப் பார்க்கிறார். நம் பெரியவர்கள் சொல்லும் மனம், வாக்கு, காயம் மூன்றும்தான். கடைசி நாள் கான்ஃபரன்ஸ் வரைக்கும் மூவரும் தங்கள் கணிப்பைத் தனித்தனியாகத்தான் வைத்திருப்பார்கள். மூவருமே தேடுவது ஒரே 15 குணங்களை. காரண காரியத்தோடு யோசிப்பது, பொறுப்பு, ஒத்துழைப்பு, தானே முன்வருவது, சீக்கிரம் முடிவெடுப்பது, துணிவு, விடாப்பிடி என்று அந்தப் பட்டியல் போகும். எழுத்தில் வீரனாக இருப்பவன் மைதானத்தில் ஓரமாக நின்றால் மூன்று கணிப்பும் ஒட்டாது. கீழே நான் சொல்லப்போகும் பாதி பதில்கள் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான்.

"டிகிரி முடிச்சவங்களுக்கு எந்தெந்த வழி இருக்கு? யு.பி.எஸ்.சி. எழுதியே ஆகணுமா?"

கட்டாயம் இல்லை. முப்படை அதிகாரி வேலைக்காக யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை வரும். அதில் சென்னை பரங்கிமலையில் இருக்கும் ஓ.டி.ஏ. என்ற அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு மட்டும் விண்ணப்பிப்பவர்கள் கணக்குத் தாள் எழுத வேண்டாம், ஆங்கிலமும் பொது அறிவும் போதும். விமானப்படைக்கு ஏ.எஃப்.கேட். என்று தனித் தேர்வு இருக்கிறது.

எழுத்துத் தேர்வே இல்லாத வழிகளும் உண்டு. என்.சி.சி. 'சி' சான்றிதழில் பி கிரேடாவது வாங்கி, டிகிரியில் 50 சதவீதமும் வைத்திருந்தால் என்.சி.சி. சிறப்பு நுழைவு. பொறியியல் முடித்தவர்களுக்கு எஸ்.எஸ்.சி. (ஷார்ட் சர்வீஸ் கமிஷன், குறுகிய கால அதிகாரிப் பணி) டெக்னிக்கல். இதில் டிகிரி மதிப்பெண்ணுக்கு ஒரு கட் ஆஃப் வைத்து நேராக எஸ்.எஸ்.பி.க்கே கூப்பிடுவார்கள். நான் போனது இந்த வழி. வயது வரம்பு ஒவ்வொன்றுக்கும் வேறு, அதனால் விண்ணப்பிக்கும் வருடத்தின் அறிவிப்பைப் படியுங்கள். என் வருடத்துக் கணக்கை நம்ப வேண்டாம்.

"எந்த ஊருக்குப் போகணும்? போக்குவரத்துச் செலவு நம்மளுதா?"

ராணுவத்துக்குப் பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ், பஞ்சாப் பக்கம் ஜலந்தர். விமானப்படைக்கு நமக்குப் பக்கத்தில் மைசூரு. கடற்படையின் வாரியம் ஒன்று கோவை ரெட்ஃபீல்ட்ஸிலேயே இருக்கிறது. என் வீட்டிலிருந்து டவுன் பஸ் தூரம், எனக்கு ஒரு முறைகூட அது வாய்க்கவில்லை.

ஒரு நுழைவு வகைக்கு முதல் முறை போகிறவர்களுக்கு ஏ.சி. மூன்றடுக்கு ரயில் கட்டணம் போக வரத் தருவார்கள். டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள். அதே வகைக்கு மறுபடி போனால் கைக்காசுதான். தங்குவதும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு.

"பேக்ல என்னென்ன வைக்கணும்?"

கால் லெட்டரில் பட்டியல் இருக்கும். அதில் சொல்லாதது மூன்று. வெள்ளை பி.டி. ஷூவை ஒரு மாதம் முன்பே வாங்கி ஓடிப் பழக்குங்கள், புது ஷூவோடு மைதானத்துக்குப் போய்க் கால் கொப்பளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு ஒரு பூட்டு. ஒரிஜினல் சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான் எப்போதும் தகராறு. ஒரு சான்றிதழில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும்.

"முதல் நாளே பாதிப் பேரை அனுப்பிடுவாங்களாமே, உண்மையா?"

உண்மை. சில நாள் பாதிக்கு மேலேயே போவார்கள். அதற்குப் பெயர் ஸ்கிரீனிங். முதலில் அறிவுத்திறன் தேர்வு, இரண்டு தாள். வங்கித் தேர்வுக்குப் படித்தவர்களுக்குப் பழக்கமான வகைக் கேள்விகள்தான், நேரம் மட்டும் கம்மி. அடுத்தது பி.பி.டி.டி. தெளிவில்லாத ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். எத்தனை பேர் தெரிகிறார்கள், என்ன வயது, ஆணா பெண்ணா, என்ன மனநிலை என்று ஒரு நிமிடத்தில் குறிக்க வேண்டும். பிறகு 4 நிமிடத்தில் கதை. எழுதி முடித்ததும் வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்வார்கள். கடைசியில் எல்லோரும் பேசி ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும்.

என்னை அனுப்பியது இந்த இடத்தில்தான். வெள்ளத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றும் கதை ஒன்றை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். படத்தில் இருந்தது, என் கண்ணுக்குத் தெரிந்தவரை, ஒரு கடை வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பது. நான் அதற்குள் வெள்ளத்தை விட்டேன். சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. பக்கத்தில் இருந்த பையன் வியாபாரம் படுத்த கடையைத் தூக்கி நிறுத்தும் அண்ணன் தம்பி கதையை நாலு வரியில் சொன்னான். அவன் உள்ளே, நான் மதிய ரயிலில்.

பொதுக் கதை பேசும்போது நம் கதைதான் ஜெயிக்க வேண்டும் என்பதில்லை. யார் சொன்னது படத்துக்குப் பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொண்டு, நம் பங்குக்கு ஒரு வரி சேர்த்து, குழுவை முடிவை நோக்கி நகர்த்தினால் போதும்.

"எனக்கு ஹிந்தி சுத்தமா தெரியாது. இங்கிலீஷும் தமிழ் மீடியம் இங்கிலீஷ்தான். போகலாமா?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகப் பேர் வீட்டோடு நின்றுவிடுவதும் இதனால்தான். ஹிந்தி தெரியாமல் தேர்வாகலாம். தேர்வுகளை ஆங்கிலத்திலேயே எழுதலாம், இன்டர்வியூவும் ஆங்கிலத்தில் பேசலாம். சிக்கல் வருவது குழுவில். வடக்கத்திப் பையன்கள் சூடு பிடித்ததும் ஹிந்திக்குத் தாவிவிடுவார்கள். அப்போது முகம் சுளிக்காமல், "எனக்கும் புரியும்படி ஆங்கிலத்தில் பேசலாமா" என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் மாறிவிடுவார்கள். அப்படிக் கேட்பதற்குக் கூச்சப்பட்டு ஐந்து நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, அவர்கள் பார்ப்பது சொன்னது எதிராளிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை. "யெஸ்டர்டே ஐ கோ" என்று தடுமாறினாலும் விஷயம் இருந்தால் கேட்பார்கள். ஆனால் பேசவே வராவிட்டால் மதிப்பிட ஒன்றும் இருக்காது. தினமும் 15 நிமிடம் ஒரு நண்பனோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள், எதைப் பற்றியாவது. மூன்று மாதம் போதும். தனியாகக் கண்ணாடி முன்னால் பேசிப் பழகுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண்ணாடி குறுக்கே பேசாது.

தங்கும் இடத்தில் பேசிக்கொள்ள நாலு வார்த்தை ஹிந்தி தெரிந்தால் சுகம். எனக்கு "பானி", "சாய்" இரண்டும்தான் தெரிந்திருந்தது. சமாளித்தேன்.

"ரெண்டாம் நாள் எழுத்துத் தேர்வுல என்ன இருக்கும்?"

நான்கு இருக்கும், தொடர்ச்சியாக. இரண்டு மணி நேரத்துக்கு நெருக்கமாகக் கை ஓயாது. முதலில் டி.ஏ.டி.: 11 படமும் ஒரு வெற்றுத் தாளும். படம் பார்க்க 30 விநாடி, கதை எழுத 4 நிமிடம். அடுத்து டபிள்யூ.ஏ.டி.: 60 சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வரும், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடிக்குள் தோன்றியதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். மூன்றாவது எஸ்.ஆர்.டி.: 60 சூழ்நிலைகள், 30 நிமிடம், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள். கடைசியில் 15 நிமிடத்தில் உங்களைப் பற்றி நீங்களே எழுதுவது.

இவ்வளவு குறைந்த நேரம் தருவது, ஜோடித்து எழுத இடம் கொடுக்காமல் இருக்கத்தான். முதல் பத்துச் சொல்லுக்கு மனப்பாட வாக்கியம் வரும். இருபதாவது சொல்லில் நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள்.

"டி.ஏ.டி. கதையில ஹீரோ கண்டிப்பா ஆர்மில சேரணுமா? யாராச்சும் செத்துப்போனா மார்க் போயிடுமா?"

பன்னிரண்டு கதையிலும் ஹீரோ ராணுவத்தில் சேர்ந்தால் படிப்பவருக்குச் சலித்துப்போகும். உங்கள் ஊரில் நடந்ததை எழுதுங்கள். தெருக்குழாய்க்கு மனு கொடுத்து அலைந்தது, கபடிக் குழுவுக்கு ஜெர்சி வாங்கக் காசு திரட்டியது, அக்கா கல்யாணச் செலவை அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டது. இவற்றில் ஒரு ஆள், ஒரு சிக்கல், அவன் என்னென்ன வரிசையாகச் செய்தான், என்ன ஆயிற்று என்பது இயல்பாக இருக்கும். கதைக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சாவு வந்தால் தானாக மார்க் போய்விடும் என்று எனக்குத் தோன்றவில்லை. படத்தில் துயரம் தெரிந்தால் துயரத்தை எழுதலாம். அதற்குப் பிறகு அந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தானா, ஏதாவது செய்தானா என்பதுதான் கேள்வி.

"எஸ்.ஆர்.டி.ல அறுபதும் முடிக்க முடியல. என்ன பண்றது?"

கட்டுரை எழுதுகிறீர்கள், அதனால் முடியவில்லை. பரீட்சைக்குப் போகும் வழியில் விபத்து என்று ஒரு சூழ்நிலை வந்தால், "108க்கு போன் செய்தேன், ரத்தத்தைத் துணியால் கட்டினேன், பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பரீட்சைக்குப் போனேன்" என்று எழுதி அடுத்ததற்குப் போங்கள். அறுபதில் நாற்பத்தைந்து உண்மையாக எழுதுவது, அறுபதையும் "நிலைமையைத் திறமையாகச் சமாளித்தேன்" என்று நிரப்புவதைவிட மேல். எப்படிச் சமாளித்தீர்கள் என்பதே கேள்வியாக இருக்கும்போது அந்த வரியில் ஒன்றும் இல்லை.

"அப்பா அம்மா என்னைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு எழுதச் சொல்றாங்களே, அதெல்லாம் எங்க வீட்டுல பேசினதே இல்லையேண்ணா?"

யார் வீட்டில்தான் பேசினார்கள். பெற்றோர், ஆசிரியர், நண்பர்கள் உங்களை எப்படிப் பார்க்கிறார்கள், நீங்கள் உங்களை எப்படிப் பார்க்கிறீர்கள், எந்தக் குணத்தை வளர்க்க விரும்புகிறீர்கள் என்று ஐந்து பகுதி. "என் பெற்றோர் என்னைப் பொறுப்பான மகன் என்று நினைக்கிறார்கள்" என்று எல்லோரும் எழுதுவார்கள். போவதற்கு முன் அம்மாவிடம் நிஜமாகவே கேளுங்கள். நான் இரண்டாம் முறை போகும் முன் கேட்டேன். "சொன்னா செய்வ, ஆனா சொல்லணும்" என்றார். அன்று கோபம் வந்தது. மைதானத்தில் நான் சொதப்பியது சரியாக அந்த இடத்தில்தான்.

"ஜி.டி.ல எல்லாரும் கத்துறாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடுது."

குழு விவாதம் இரண்டு நடக்கும். முதலாவதற்குக் கொடுத்த தலைப்புகளில் ஒன்றைக் குழுவே தேர்ந்தெடுக்கும், இரண்டாவது அவர்கள் கொடுப்பது. சந்தைக்கடை ஆகும் குழுக்கள் உண்டு. அதில் நீங்களும் கத்தினால் இன்னொரு சத்தம், அவ்வளவுதான். பேசியே ஆக வேண்டும், அதிலும் மாற்றமில்லை. முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு முறையாவது நுழைந்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் நுழைவது கூச்சமாகிவிடும்.

நுழைய ஒரு வழி: ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொள்வது. அங்கே மார்பில் மாட்டிய செஸ்ட் நம்பர்தான் ஆளுக்குப் பெயர். "செஸ்ட் நம்பர் 4 சொன்னது சரி, எங்கள் பக்கம் இன்னொன்றும் நடந்தது" என்று ஆரம்பித்தால் அந்த 4 உங்களைப் பேச விடுவான், மற்றவர்களும் திரும்புவார்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த ஒரு உண்மையைச் சொல்லுங்கள். தண்ணீர் பற்றிய தலைப்பு என்றால் நொய்யலில் திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்ததைக் கோயம்புத்தூர்க்காரன் சொல்லும்போது அதில் ஒரு கனம் இருக்கும். "தண்ணீர் மிகவும் முக்கியம்" என்பதைச் சொல்ல எட்டுப் பேர் இருப்பார்கள்.

"மைதானத்துல என்ன செய்யச் சொல்வாங்க? எனக்கு உயரம்னா பயம்."

பலகை, கட்டை, கயிறு மூன்றையும் வைத்து, தரையைத் தொடாமல் குழுவாகச் சில அமைப்புகளைத் தாண்ட வேண்டும். சிவப்பு அடித்த பகுதியை ஆளும் தொடக்கூடாது, பொருளும் தொடக்கூடாது. நான்கடிக்கு மேல் இடைவெளி இருந்தால் குதிக்கக்கூடாது, பாலம் போட வேண்டும். முழுக் குழுவோடு ஒன்று, பாதிக் குழுவோடு ஒன்று, பாம்பு மாதிரி நீளமான ஒரு பொருளைச் சுமந்துகொண்டு குழுப் பந்தயம் ஒன்று என்று அது போகும். மாதிரி நிலப்படம் ஒன்றை வைத்து, ஒரே நேரத்தில் வரும் நாலைந்து சிக்கல்களுக்குத் திட்டம் எழுதி விவாதிப்பதும் உண்டு. மூன்று நிமிடம் யோசித்து மூன்று நிமிடம் பேசும் சிற்றுரையும் உண்டு. சீட்டில் நான்கு தலைப்பு இருக்கும், உங்களுக்குத் தெரிந்ததை எடுங்கள், கஷ்டமானதை எடுத்தால் மரியாதை என்று நினைக்காதீர்கள்.

கமாண்ட் டாஸ்க் என்று ஒன்றில் நீங்கள் தலைவர், இரண்டு மூன்று பேரைத் துணைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாம் முறை நான் குழுவிலேயே பலசாலிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டேன். எனக்கு வழி தெரியவில்லை. அவர்களில் ஒருவனுக்குத் தெரிந்திருந்தது, முகத்தில் பார்த்தேன், கேட்கவில்லை. தலைவன் கேட்கலாமா என்று ஒரு அசட்டு கௌரவம். ஐந்து நிமிடம் கட்டையைத் தூக்கித் தூக்கி வைத்தேன்.

உயர பயத்துக்கு வருவோம். தனிநபர் தடைகள் மொத்தம் 10, ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண், நேரம் 3 நிமிடம். எல்லாம் முடித்தால் 55. எல்லாவற்றையும் முடிக்காதவர்களும் தேர்வாகிறார்கள். பயத்தோடு ஏறிக் குதிப்பவனையும் ஏறாமலே நிற்பவனையும் அவர்கள் ஒன்றாகப் பார்க்க மாட்டார்கள். வீட்டில் கயிறு ஏறிப் பழகுங்கள், வேப்பமரம் போதும்.

"பொண்ணுங்களுக்கும் இதே டெஸ்ட்தானா?"

இதேதான். சில தடைகளின் அளவு குறைவாக இருக்கும், மதிப்பிடும் 15 குணங்களில் வித்தியாசம் இல்லை. பெண்கள் தனிக் குழுவாக இருப்பார்கள்.

"பி.ஐ.கியூ. ஃபார்ம்ல ஹாபி என்ன எழுதலாம்? ரெண்டு அரியர் இருந்துச்சு, மறைச்சிடலாமா?"

முதல் நாள் நிரப்பும் தன்விவரப் படிவம் அது. இன்டர்வியூ ஆபீசர் கையில் வைத்துக்கொண்டு கேட்பது அதைத்தான். புத்தகம் படிப்பது என்று எழுதினால் கடைசியாகப் படித்தது எது என்பார். தோட்டம் என்றால் மண்ணைக் கேட்பார். நிஜமாகச் செய்வதை எழுதுங்கள். பைக்கைப் பிரித்து மாட்டுவது, அம்மாவோடு சமைப்பது, கோயில் திருவிழாவில் பறையடிப்பது, எதுவானாலும் சரி. என்னோடு இருந்த உடுமலைப் பையன் புறா வளர்ப்பு என்று எழுதினான். அவனோடு புறாவைப் பற்றியே வெகுநேரம் பேசியிருக்கிறார்கள்.

அரியரை மறைக்காதீர்கள். எந்தப் பாடம், ஏன் போயிற்று, எப்படி எடுத்தீர்கள் என்று மூன்று வரியில் சொல்லத் தயாராக இருங்கள். "பேப்பர் கஷ்டம் சார்" என்பது பதில் ஆகாது. சில ஆபீசர்கள் பத்துப் பன்னிரண்டு கேள்வியை ஒரே மூச்சில் கேட்பார்கள்: பத்தாம் வகுப்பு மதிப்பெண், பிடித்த ஆசிரியர், பிடிக்காத ஆசிரியர், காரணம், இப்படி. வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டே போங்கள். ஒன்று மறந்தால் "மறந்துவிட்டேன், மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்கலாம். தப்பில்லை.

"கோச்சிங் போகணுமா? 20 ஆயிரம் கேட்கிறாங்க."

தேர்வு முறை தெரியாதவர்களுக்கு அது தெரிய வரும், பலகை கயிறைத் தொட்டுப் பார்க்க ஒரு மைதானம் கிடைக்கும். அந்த அளவுக்குப் பிரயோசனம். உங்கள் என்.சி.சி. யூனிட்டில் யாராவது போய் வந்திருந்தால் அதையே ஓசியில் சொல்வார்கள். ஆபத்து எங்கே என்றால் மனப்பாடம். ஒரே இடத்தில் படித்த நாலு பேர் ஒரே கதையை எழுதினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். என் வெள்ளக் கதையும் அப்படி ஓர் இடத்தில் கொடுத்த ஜெராக்ஸ்தான்.

"சரி, வீட்டுலயே தயாராக எத்தனை மாசம் வேணும்? தினமும் என்ன செய்யறது?"

ஆறு மாதம் இருந்தால் நல்லது. ஓட்டம் முதலில். காலையில் மூன்று கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடிந்தால் மைதானத்தில் மூச்சு வாங்காது, மூச்சு வாங்காதவனுக்குத்தான் யோசனை வரும். செய்தித்தாள் ஒன்றை எடுத்து ஒரு செய்தியை மட்டும் முழுசாகப் படித்து, ஆதரவாக இரண்டு, எதிராக இரண்டு எழுதுங்கள். வாரம் ஒரு முறை கடிகாரம் வைத்து 12 கதை எழுதுங்கள், பிறகு எடுத்துப் படித்து, ஹீரோ எத்தனை கதையில் தானாக ஆரம்பித்தான், எத்தனையில் யாரோ சொல்லிச் செய்தான் என்று எண்ணுங்கள். என் நோட்டில் 12க்கு 9 யாரோ சொல்லிச் செய்தது. அம்மா சொன்னது நினைவிருக்கிறதல்லவா.

இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. ஏதாவது ஒரு வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்யுங்கள். ரத்ததான முகாம், ஊர் கிரிக்கெட் டோர்னமென்ட், தம்பியின் காலேஜ் அட்மிஷன், எதுவானாலும். பத்துப் பேரைச் சேர்த்து ஒரு காரியம் செய்து, அதில் இரண்டு பேர் சண்டை போட்டு, காசு குறைந்து, மழை வந்து, எப்படியோ முடித்தவனுக்கு எஸ்.ஆர்.டி.யில் பேனா தானாக ஓடும். இரண்டாம் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் இடையில் நான் செய்தது இது ஒன்றுதான். எங்கள் தெருவில் குப்பை எடுக்க ஒரு ஏற்பாடு. ஆறு மாதம், நிறைய திட்டு.

"கம்பெனிகளும் அசெஸ்மென்ட் சென்டர்னு நடத்துறாங்களே, இது அதுக்கு உதவுமா?"

இரண்டும் ஒரே குடும்பம். இரண்டாம் உலகப் போரில் அதிகாரிகள் தேவைப்பட்டபோது பிரிட்டன் 1942இல் இப்படி வாரியங்களை ஆரம்பித்தது, 1943இல் இந்தியாவில் டேராடூனுக்கு வந்தது. போருக்குப் பிறகு பிரிட்டிஷ் சிவில் சர்வீஸ் இதை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனம் 1956இல் தன் மேலாளர்களை இந்த முறையில் ஆராய ஆரம்பித்தது. அதிலிருந்துதான் கம்பெனிகளிடம் பரவியது.

கம்பெனியில் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். பலகைக்குப் பதிலாக இன்பாஸ்கெட்: இருபது முப்பது மெயில், ஒன்றுக்கொன்று முரணாக, ஒரு மணி நேரம், எதை முதலில் செய்வீர்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரு முறை புரட்டுங்கள். பதினெட்டாவது மெயில் இரண்டாவதை ரத்து செய்திருக்கும். நான் இப்போது இருக்கும் வேலைக்கு இப்படித்தான் எடுத்தார்கள். கோபக்கார டீலராக ஒருவர் நடித்தார், நான் சமாளிக்க வேண்டும். தெருக்குப்பைத் திட்டு அங்கேயும் உதவியது.

"கான்ஃபரன்ஸ்ல ஒரே நிமிஷத்துல வெளிய அனுப்பிட்டாங்க. அப்ப அவுட்தானா?"

நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஐந்தாம் நாள் எல்லா அதிகாரிகளும் சீருடையில் உட்கார்ந்திருப்பார்கள், ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தங்கியது எப்படி, சாப்பாடு எப்படி, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு முடிவு அதற்குள் எடுத்தாகிவிட்டது. இரண்டு பக்கமும் இழுக்கும் ஆளிடம்தான் இரண்டொரு கேள்வி கூடுதலாக வரும். தேர்வானபோது என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி, இரண்டும் சாப்பாடு பற்றி.

"ஏன் அவுட் ஆனேன்னு சொல்வாங்களா?"

சொல்ல மாட்டார்கள். செஸ்ட் நம்பர்களை வாசிப்பார்கள், உங்கள் நம்பர் வராது, அவ்வளவுதான். அதனால் திரும்பும் ரயிலிலேயே எழுதிவிடுங்கள். எந்தப் படத்துக்கு என்ன கதை, எந்தக் கேள்விக்கு எங்கே தடுமாறினேன், மைதானத்தில் எப்போது சும்மா நின்றேன். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்தால் மனசு நமக்குச் சாதகமாக மாற்றி எழுதிவிடும். கமாண்ட் டாஸ்க்கில் கேட்காமல் விட்டதை நான் ஜோலார்பேட்டை தாண்டும்போது எழுதினேன்.

"ஏற்கெனவே ரெண்டு தடவை அவுட் ஆனவங்களை எடுக்க மாட்டாங்களாமே? ஒரு குரூப்ல இத்தனை பேர்தான்னு கோட்டாவும் இருக்காமே?"

இரண்டும் வதந்தி. வயது இருக்கும்வரை போகலாம். படிவத்தில் முந்தைய முறைகளைக் கேட்பார்கள், உண்மையை எழுதுங்கள். இடையில் என்ன மாறினீர்கள் என்று கேட்டால் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு: விமானி பிரிவுக்கான கணினித் தேர்வு வாழ்நாளில் ஒரு முறைதான். அதில் தவறினால் பறக்கும் பிரிவுக்கு மறுபடி வழியில்லை.

குழுவுக்கு இத்தனை பேர் என்ற கணக்கும் கிடையாது. மொத்தக் குழுவும் தேர்வாகலாம், ஒருவர்கூடத் தேர்வாகாமலும் போகலாம். பக்கத்துப் படுக்கைக்காரன் உங்கள் எதிரி இல்லை என்று தெரிந்தாலே பாதிப் பேர் மைதானத்தில் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள்.

"ரெக்கமண்ட் ஆனீங்களே அண்ணா, அப்புறம் ஏன் சேரல?"

தேர்வான பிறகு ராணுவ மருத்துவமனையில் சில நாள் மருத்துவப் பரிசோதனை. கண், காது, முட்டி, எடை எல்லாம் பார்ப்பார்கள். குறை சொன்னால் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு, அந்த விதிமுறையை அங்கேயே கேட்டுவிடுங்கள். பல்லையும் காது அழுக்கையும் போவதற்கு முன்பே ஒரு டாக்டரிடம் காட்டிவிடுவது புத்திசாலித்தனம். அதற்கும் பிறகு மெரிட் லிஸ்ட். சி.டி.எஸ்.ஸில் ஓ.டி.ஏ.வுக்கு எழுத்துத் தேர்வு 200, எஸ்.எஸ்.பி. 200 என்று கூட்டுவார்கள். எஸ்.எஸ்.சி. டெக்னிக்கலில் எஸ்.எஸ்.பி. மதிப்பெண்தான், பாடப்பிரிவு வாரியாக இடம். என் வருடம் மெக்கானிக்கலுக்கு இருந்த இடங்களைவிட என்னை மிஞ்சியவர்கள் அதிகம்.

தேர்வாகியும் பட்டியலில் வராதவர்கள் அடுத்த அறிவிப்புக்கு விண்ணப்பிக்கலாம், ஐந்து நாளும் முதலிலிருந்து. எனக்கு அந்த மார்ச்சில் 27 முடிந்துவிட்டது. அதனால் கடைசி வருடம் வரை தள்ளாமல், டிகிரி கடைசி செமஸ்டரிலேயே முதல் விண்ணப்பத்தைப் போடுங்கள். மூன்று முறை போக எனக்கு நான்கு வருடம் ஆயிற்று.